லென்ஸ் ஸ்டிக்கரில் காலாவதித் தேதி தாண்டியிருக்கிறது: கண்ணுக்குள் வைத்த லென்ஸை மாற்ற வேண்டுமா?

குடமுருட்டி கேட்டது:

வலங்கைமான் வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் வேலை. கையில் இருப்பது பார்வைப் பலகை, கண்ணாடி நம்பர் பார்க்கும் ட்ரையல் செட், டார்ச், கண்ணுக்குள் ஒளி விட்டுப் பார்க்கும் டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப், கண் அழுத்தம் பார்க்க ஷியாட்ஸ் டோனோமீட்டர். ஒளிக்கீற்றை விட்டுக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் வேண்டுமென்றால் ஆளைக் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்ப வேண்டும்.

புரை ஆபரேஷன் ஆகிப் பத்து, இருபது வருஷம் ஓடிப்போனவர்கள் அடிக்கடி வருகிறார்கள். டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்டிய லென்ஸ் ஸ்டிக்கரில் காலாவதித் தேதி 2004, 2011 என்று அச்சாகியிருக்கும். பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, உன் லென்ஸ் எக்ஸ்பயரி ஆயிடுச்சு" என்கிறார்கள். அது பொட்டலத்தின் தேதி என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவர்களுடைய அடுத்த கேள்வி நியாயமானது: "அப்ப பார்வை ஏன் மங்குது?" எல்லாருக்கும் ‘ஜவ்வு படர்ந்திருக்கு, லேசர் வெச்சா சரியாப்போகும்’ என்று ஒரே பதிலைச் சொல்வது சரியாகப் படவில்லை.

மூன்று விதமான ஆட்களை வைத்துக் கேட்கிறேன்.

முதல் வகை: 2006 வாக்கில் முகாம் மூலம் தையலில்லா ஆபரேஷன், கெட்டி லென்ஸ். ஒரு வருஷமாக மெல்ல மெல்ல மங்கல், வலி இல்லை, எதிரே பைக் லைட் வந்தால் கண் கூசுகிறது.

இரண்டாம் வகை: ஏழு வருஷம் முன்பு மடிக்கும் லென்ஸ். சர்க்கரையால் விழித்திரையில் பிரச்சினை வந்து, உள்ளே கேஸ் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் புகைமூட்டமாகத் தெரிகிறது.

மூன்றாம் வகை: எழுபது தாண்டியவர், ஒரே கண்ணில் இரட்டையாகத் தெரிகிறது, கண்மணி ஓரத்தில் பொடுகு மாதிரி வெள்ளைத் துகள்.

எதை அன்றைக்கே அனுப்புவது, எது காத்திருக்கலாம், அனுப்பும் முன் நான் என்ன பார்த்து எழுத வேண்டும்?

———

அரசலாறு எழுதியது:

தேதியை முதலில் முடித்துவிடுவோம். கிருமி நீக்கி மூடிய பொட்டலம் எதுவரை நம்பகமானது என்பதே அந்தத் தேதி. கிருமி நீக்கிய நாளிலிருந்து பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வருஷம் போடுவார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் பிரித்துக் கண்ணில் வைத்தார்களா என்பதுதான் கேள்வி. வைத்தபின் அந்தத் தேதிக்கு வேலை இல்லை.

கெட்டி லென்ஸ் என்று நாம் சொல்வது பி.எம்.எம்.ஏ. என்ற கெட்டி பிளாஸ்டிக். ஹெரால்ட் ரிட்லி 1949-ல் லண்டனில் முதன்முதலாக வைத்ததும் அதே பொருள்தான். போர் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் கூரை நொறுங்கி விமானிகளின் கண்ணுக்குள் தைத்த சில்லுகள் வருஷக்கணக்கில் எந்த உபத்திரவமும் செய்யாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் அவர் அதைத் தேர்ந்தார். அவருடைய லென்ஸ்களிலும் பொருள் கெடவில்லை. கனம் அதிகம், பிடிக்கக் கால்கள் கிடையாது, அதனால் பலருக்கு இடம் நழுவியது. எழுபத்தைந்து வருஷம் கழித்தும் கதை அநேகமாக அதுதான்: பி.எம்.எம்.ஏ. கண்ணுக்குள் கரைவதில்லை, கெடுவது மிக அபூர்வம். பெரும்பாலும் மாறுவது அதைச் சுற்றியிருக்கும் உயிருள்ள பாகம். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பை, பையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் நுண்ணிழைகள், முன்னால் கருவிழி (கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த சவ்வு), பின்னால் விழித்திரை.

நம் பகுதியில் இப்போது எண்பதைத் தொடுகிறவர்கள் பலர் 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டக் காலத்து ஆட்கள். தமிழ்நாடும் அந்த ஏழில் ஒன்று. புரையை உறையோடு எடுத்துவிட்டு பிளஸ் பத்து சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தது போய், பையை விட்டுவைத்து அதற்குள் லென்ஸ் வைக்கும் முறை பரவியது அந்த வருஷங்களில்தான். மதுரையில் ஆரோலேப் 1992-ல் தொடங்கி உள்ளூரிலேயே லென்ஸ் செய்ததும் இதற்குத் தோதாக அமைந்தது. ஆகவே உங்களிடம் இரண்டு கூட்டமும் வரும். பைக்குள் லென்ஸ் வைத்தவர்கள் ஒரு கூட்டம். பையே இல்லாமல் கண்மணிக்கு முன்னால் லென்ஸ் வைத்தவர்கள் இன்னொரு கூட்டம், சிறியது. பின்னவர்களுக்குக் கருவிழியின் உட்புறச் செல்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும். ‘காலையில் எழுந்ததும் மங்கல், பத்து மணிக்கு மேல் தெளிகிறது’ என்று சொன்னால் கருவிழி நீர் கோத்து வீங்குகிறது என்று அர்த்தம். ஜவ்வுக்கு அப்படி வேளை பார்த்து மங்கத் தெரியாது.

முதல் வகைக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது பெரும்பாலும் பின்சவ்வு, அதாவது லென்ஸ் பையின் பின்சுவர், தடித்ததுதான்; ஊரில் ஜவ்வு என்பது இதைத்தான். ஆபரேஷனில் பையின் ஓரத்தில் ஒட்டி நின்றுவிட்ட பழைய லென்ஸின் செல்கள் பெருகி, பின்சவ்வின் மேல் நகர்ந்து நடுவுக்கு வருகின்றன. சில இடத்தில் முத்து முத்தாக உப்பும், சில இடத்தில் நாராகிச் சுருக்கம் விழும். பழைய பி.எம்.எம்.ஏ. லென்ஸ்களின் விளிம்பு உருண்டை. செல்கள் தடையில்லாமல் உள்ளே வரும். பின்னால் வந்த சதுர விளிம்பு லென்ஸ்கள் பின்சவ்வோடு அழுந்தி நின்று அந்த வழியை அடைக்கின்றன. கெட்டி லென்ஸிலும் சதுர விளிம்பு உண்டு. ‘மடிக்கும் லென்ஸ் என்றால் ஜவ்வு வராது’ என்று சொல்வதில் பாதிதான் உண்மை. வரும், குறைவாக, தாமதமாக வரும்.

உங்கள் கையிலிருக்கும் ஆப்தல்மாஸ்கோப்பே போதும். அறையை இருட்டாக்கி, ஒரு கை நீளத்தில் நின்று, கண்மணியில் தெரியும் சிவப்பு ஒளிர்வைப் பாருங்கள். ஒளிர்வுக்கு நடுவே தவளை முட்டை மாதிரிக் குமிழ்களோ கோடுகளோ தெரிந்தால் பின்சவ்வு. ஒளிர்வு சுத்தமாக இருந்து பார்வை மட்டும் குறைவாக இருந்தால் லென்ஸை விட்டுவிட்டு விழித்திரையையும் நரம்பையும் நினையுங்கள். பின்ஹோல் (ஊசித்துளை அட்டை) வைத்துப் பார்வை நன்றாக ஏறினால் முதலில் கண்ணாடி நம்பர் பாருங்கள். தையலில்லா ஆபரேஷனில் மேல்பக்கம் ஆறு, ஆறரை மி.மீ. திறப்பு, வயது ஏற ஏறக் குறுக்குச் சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வரும் நம்பர்) கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஒன்றரை சிலிண்டர் கண்ணாடி போட்டால் தெளிகிற ஆளை லேசர் அறைக்கு அனுப்பாதீர்கள்.

லேசர் பற்றி ஊரில் இரண்டு பயம் உண்டு. லென்ஸைத் தேய்த்துவிடும் என்பது ஒன்று. யாக் லேசர் 1064 நானோமீட்டர். பின்சவ்வில் ஒரு புள்ளியில் சின்ன வெடிப்பை உண்டாக்கி அதைக் கிழிக்கிறது, சுரண்டுவதில்லை. குவியம் முன்னால் விழுந்தால் லென்ஸில் குழி விழும். ஆகவே குவியத்தைச் சவ்வுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, ஒரு மில்லிஜூல் அளவில் ஆரம்பித்து, தேவைப்பட்டால்தான் ஏற்றுவார்கள். நடுவில் மூன்றரை, நான்கு மி.மீ. திறந்தால் போதும். ஓரிரண்டு குழி ஓரமாக விழுந்தாலும் பார்வையைக் கெடுக்காது. இரண்டாவது பயம், ‘திரும்பத் திரும்ப வைக்கணும்’ என்பது. ஒருமுறை திறந்தால் அநேகமாக அதோடு சரி.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. லேசர் வைத்த சில மணி நேரத்தில் கண் அழுத்தம் ஏறலாம், அதனால் சொட்டு மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். பெரிய மைனஸ் நம்பர் கண்ணாக இருந்தவர்களுக்குப் பின்னால் விழித்திரை விலகும் அபாயம் உண்டு. மின்னல் வெட்டுகிற மாதிரி, கரும்புள்ளி மழை மாதிரி, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி என்று எது சொன்னாலும் அன்றைக்கே அனுப்புங்கள்.

———

வெட்டாறு எழுதியது:

டாக்டர் அரசலாறு சொன்னது பி.எம்.எம்.ஏ.க்கு அப்படியே பொருந்தும். இரண்டாம் வகை ஆளுக்குப் பொருந்தாது. அங்கே மங்குவது லென்ஸாகவே இருக்கலாம்.

மடிக்கும் லென்ஸ் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அக்ரிலிக்கில் இரண்டு சாதி. நீர் ஏற்காத ஹைட்ரோஃபோபிக், நீர் ஏற்கும் ஹைட்ரோஃபிலிக். இரண்டாவதில் எடையில் ஏறத்தாழ 18 முதல் 26 சதவீதம் வரை தண்ணீர். அதனால்தான் அது ஈரமாகவே, திரவம் நிரப்பிய குப்பியில் வருகிறது, நீராவியில் கிருமி நீக்குகிறார்கள். பி.எம்.எம்.ஏ.யும் பெரும்பாலான ஹைட்ரோஃபோபிக் லென்ஸும் உலர்ந்த பொட்டலத்தில், எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி வரும். விலை குறைவு, மிகச் சிறிய திறப்பில் நுழையும், பதமாக விரியும் என்பதால் ஹைட்ரோஃபிலிக் நம் ஊரில் நிறையப் போட்டிருக்கிறார்கள். பெரும்பான்மையானவர்களுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் தண்ணீர் புகும் பொருளில் தண்ணீரில் கரைந்த உப்பும் புகும். சில சூழ்நிலையில் கால்சியம் பாஸ்பேட் லென்ஸின் மேற்பரப்பிலோ சற்று உள்ளேயோ படிந்து கெட்டிப்படும். அதைத் தூண்டுவதில் முதன்மையானது கண்ணுக்குள் விடும் காற்றும் கேஸும். விழித்திரை ஆபரேஷனில் வைக்கும் கேஸ், கருவிழியின் உள்ளடுக்கு மாற்றும்போது முன்னறையில் (கருவிழிக்கும் கண்மணிக்கும் நடுவிலுள்ள இடம்) விடும் காற்றுக் குமிழ் இரண்டுமே. அப்படி வரும் படிவு லென்ஸின் முன்பரப்பில், கண்மணித் திறப்பு அளவுக்கு, நடுவில் வட்டமாக இருக்கும். நாள்பட்ட உள்கண் அழற்சியும் காரணமாகலாம். பழைய ஒரு மாடலில் பொட்டலத்தின் ரப்பர் அடைப்பிலிருந்து வந்த சிலிக்கோனே தூண்டியதும் உண்டு.

பின்சவ்வு தடிப்பையும் இதையும் எப்படிப் பிரிப்பது? ஸ்லிட் லேம்ப்பில் ஒளிக்கீற்றை மெல்லியதாக்கி, சாய்த்து விட்டால் லென்ஸின் முன்பரப்பு ஒரு கோடு, பின்பரப்பு ஒரு கோடு. மங்கல் எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். முன்கோட்டிலோ இரண்டுக்கும் நடுவிலோ இருந்தால் சவ்வு அல்ல. படிவு நைசான மணல் மாதிரிச் சீராக இருக்கும். சவ்வில் முத்துகள் சிறிதும் பெரிதுமாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும். உங்கள் ஆப்தல்மாஸ்கோப்பில் இவ்வளவு பிரியாது; ஒளிர்வு சமமாக மங்கி, முத்துகள் தெரியாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு அடையாளம், பலகையில் 6/12 படிப்பார், ஆனால் வெளியே வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்பார். ஒளி சிதறுவதால் வரும் தொல்லை பலகையில் பதிவாகாது.

இதில் நடக்கிற தப்புதான் பெரிது. சவ்வு என்று நினைத்து யாக் வைத்துவிடுகிறார்கள். படிவு போகாது, பார்வையும் ஏறாது. பின்சவ்வு மட்டும் திறந்துவிடும். படிவுக்கு ஒரே வழி லென்ஸை எடுத்து வேறு வைப்பது. சவ்வு முழுதாக இருந்தால் பழையதை வெட்டி எடுத்துவிட்டு அதே பையிலோ பைக்கு முன்னாலோ புதியதை உட்கார வைக்கலாம். சவ்வு திறந்த கண்ணில் பின்னாலிருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் முன்னே வரும், லென்ஸ் பின்னே விழலாம், வேலை இரண்டு மடங்கு. அதனால் உங்கள் இரண்டாம் வகை ஆளின் சீட்டில் ‘உள்ளே கேஸ் வைத்து ஆபரேஷன் ஆனவர்’ என்று முதல் வரியில் எழுதுங்கள்.

ஹைட்ரோஃபோபிக்கிலும் ஒரு விசேஷம் உண்டு, மினுக்கம். லென்ஸுக்குள் மைக்ரான் கணக்கில் நீர்க்குமிழிகள் உண்டாகி, ஸ்லிட் லேம்ப் வெளிச்சத்தில் பொடிப்பொடியாகப் பளபளக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், பார்வையைப் பெரிதாகக் குறைப்பதில்லை, அதற்காக லென்ஸை எடுப்பது அபூர்வம். ‘ராத்திரி டி.வி. வெளிச்சத்தில் அம்மா கண் பூனைக்கண் மாதிரி மின்னுது’ என்று வீட்டார் சொல்வது வேறு. அந்த அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சில மாடல்களில் 1.55 வரை, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும். நோய் இல்லை.

———

பாமணியாறு எழுதியது:

விழித்திரைப் பக்கத்திலிருந்து வெட்டாறு சாருக்கு ஒரு சின்ன மறுப்பு. ‘பெரும்பான்மையானவர்களுக்குக் குறையில்லை’ என்பது மொத்தக் கணக்கில் சரி. சர்க்கரை உள்ளவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லக்கூடாது. டெல்டாவில் புரைக்கு வருகிறவர்களில் சர்க்கரை இல்லாத ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. விழித்திரையில் ஏற்கெனவே கசிவு, ரத்தப்போக்கு தொடங்கியவர்களுக்கு நாளைக்கு விட்ரெக்டமி (விட்ரியஸ் கூழை எடுக்கும் ஆபரேஷன்) தேவைப்படலாம், அதில் கேஸ் வைக்க நேரலாம். அப்படிப்பட்ட கண்ணுக்கு முதல் நாளே ஹைட்ரோஃபோபிக், இல்லையென்றால் பி.எம்.எம்.ஏ. சிலிக்கோன் லென்ஸ் வேண்டவே வேண்டாம். பின்னால் சிலிக்கோன் எண்ணெய் வைக்க நேர்ந்தால் அது லென்ஸில் ஒட்டிக்கொண்டு போகாது. ‘முகாமில் கெட்டி லென்ஸ்தான் வெச்சாங்க’ என்று குறைப்படுகிறவர்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்லலாம்: நீடிப்பில் அது எதற்கும் இளைத்ததல்ல.

மூன்றாம் வகை ஆள்தான் இந்த மூவரில் அவசரம். கண்மணி ஓரத்தில் பொடுகு மாதிரித் துகள் இருந்தால் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன். அந்தப் பொருள் நுண்ணிழைகளிலும் படிந்து அவற்றைச் செல்லரித்த கயிறு மாதிரி ஆக்கிவிடும். ஆபரேஷன் அன்று எல்லாம் உறுதியாகத்தான் தெரியும். பிறகு பையின் முன்வாய் நாராகிச் சுருங்கச் சுருங்க, இழைகளை உள்நோக்கி இழுக்கும். பையோரத்தில் மிச்சச் செல்கள் வளையமாகத் திரண்டு கனமும் கூட்டும். பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குள், லென்ஸ் பையோடு சேர்ந்தே இறங்கும். பையிலிருந்து லென்ஸ் நழுவுவது ஆபரேஷன் ஆன சில வாரங்களில் நடப்பது. பையோடு இறங்குவது வருஷங்கள் கழித்து நடப்பது. பெரிய மைனஸ் கண், முன்பு விட்ரெக்டமி ஆன கண், அடிபட்ட கண் எல்லாவற்றுக்கும் இது வரும்.

உங்கள் டார்ச்சிலேயே பார்க்கலாம். சட்டென்று இடப்பக்கம் பார்க்கச் சொல்லி, உடனே நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். கண் நின்ற பின்னும் உள்ளே லென்ஸின் மினுக்கு ஒரு கணம் ஆடினால் இழைகள் தளர்ந்துவிட்டன. கண்மணிக்குள் லென்ஸின் விளிம்பு பிறைபோலத் தெரிந்தால் இறங்கியேவிட்டது. மறு கண்ணை மூடினாலும் இரட்டைக் காட்சி நிற்கவில்லை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மூளை, நரம்பு என்று வேறு வாசலுக்கு அலையாமல் இருப்பார். கண் அழுத்தமும் அளங்கள். இந்தத் துகள் உள்ளவர்களுக்கு அழுத்தம் ஏறுவது சகஜம், ஷியாட்ஸ் ஆனாலும் பரவாயில்லை. இவருக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மட்டும் போடவேண்டாம். தளர்ந்த லென்ஸ் விரிந்த கண்மணி வழியாக முன்னறைக்கு வந்துவிடக்கூடும்.

அவசரம் எவ்வளவு என்றால், லென்ஸ் முன்னறைக்கு வந்து கருவிழியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கே, மல்லாக்கப் படுக்கவைத்து. பின்னால் விழித்திரை மேல் விழுந்துவிட்டால், வலியும் அழுத்தமும் இல்லாதவரை ஓரிரு நாள் தாங்கும். ஆனால் பார்வை திடீரென்று போனதால் விழித்திரை விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எனவே தள்ளிப்போடக் கூடாது. ஆடிக்கொண்டு மட்டும் இருந்தால் அந்த வாரத்துக்குள். ஆடும் நிலையில் பிடித்தால் அதே லென்ஸை அங்கேயே தைத்து நிறுத்த முடியும்; விழுந்தபின் விட்ரெக்டமி செய்து எடுத்து, வேறு வைக்க வேண்டிவரும்.

பை இல்லாத கண்ணில் வைப்பதற்கு நம் பக்கம் மூன்று வழி நடக்கிறது. கருவிழிக்குப் பின்னாலிருக்கும் ஐரிஸ் திரையின் பின்பக்கத்தில் இடுக்கி மாதிரிக் கவ்வும் லென்ஸ் ஒன்று. பி.எம்.எம்.ஏ. தான், மடங்காது, ஐந்தரை மி.மீ. அளவு திறப்பு வேண்டும், ஆனால் சீக்கிரம் முடியும், செலவு குறைவு. பலமாக அடிபட்டால் ஒரு பக்கக் கவ்வல் விட்டு லென்ஸ் தொங்கும். வெள்ளைவிழிச் சுவரில் தையல் போட்டுக் கட்டுவது இரண்டாவது. முன்பு 10-0 ப்ரோலீன் நூல் போட்டார்கள். அது ஐந்து, பத்து வருஷத்தில் நைந்து அறுந்த கதைகள் உண்டு, அதனால் இப்போது தடித்த 9-0, 8-0 அல்லது கோர்-டெக்ஸ் நூல். மூன்றாவது தையலே இல்லாதது. சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் 2007-ல் செய்த பசை முறையில், லென்ஸின் இரண்டு கால்களையும் வெள்ளைவிழிச் சுவருக்குள் சுரங்கத்தில் செருகி, மேலே மடிப்பை ஃபைப்ரின் பசையால் ஒட்டுவார்கள். பின்னால் ஜப்பானில் யமானே செய்த முறையில் காலின் நுனியைச் சூட்டால் உருக்கி மொட்டாக்கி, அந்த மொட்டே சுவரில் மாட்டி நிற்கும். இந்த இரண்டுக்கும் மூன்று துண்டு லென்ஸ்தான் (நடுவில் லென்ஸ், தனியாகப் பொருத்திய இரண்டு கால்கள்) ஒத்துவரும்.

மூன்று துண்டு என்றதும் ஒன்று. ஆபரேஷனில் பை கிழிந்தபோது ஒற்றைத் துண்டு அக்ரிலிக்கைப் பைக்கு முன்னால் வைத்துவிட்டால், அதன் தடித்த சதுரக் கால்கள் ஐரிஸின் பின்புறத்தை உராய்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது மங்கல், சிவப்பு, மந்தமான வலி, அழுத்தம். நாலு நாளில் சரியாகி மறுபடி வரும். ‘வந்து வந்து போகும் மங்கல்’ என்று எவர் சொன்னாலும் சிவந்திருக்கும்போதே அனுப்புங்கள். தெளிந்தபின் அனுப்பினால் ஒன்றும் கிடைக்காது.

———

குடமுருட்டி எழுதியது:

மேடம், டாக்டர், சார், மூன்று பேருக்கும் நன்றி. இதையொட்டி இன்னும் மூன்று. ஸ்டிக்கர் அட்டையைத் தொலைத்தவர்களுக்கு எந்த லென்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிக்கும் சொட்டை யாருக்குத்தான் இங்கேயே போடலாம்? பிறகு, புரட்டாசியில் ஆபரேஷன் செய்துகொண்டு ஐப்பசியில் மாயவரம் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள், ‘லென்ஸ் தண்ணீரில் நகர்ந்துவிடுமா’ என்று.

———

கோரையாறு எழுதியது:

அட்டை இல்லையென்றால் முதலில் ஆபரேஷன் செய்த இடத்தில் பதிவேட்டைக் கேட்கச் சொல்லுங்கள். பெயர், வருஷம், எந்தக் கண் என்று சொன்னால் எடுத்துத் தருகிறார்கள். மாடல், பவர், வரிசை எண் மூன்றும் அங்கே இருக்கும். கிடைக்காவிட்டால் விரித்து ஸ்லிட் லேம்ப்பில் பார்க்கும்போது சில அடையாளம் உண்டு. லென்ஸ் ஓரத்தில் ஊசித்துளை மாதிரி ஒன்றோ இரண்டோ ஓட்டை இருந்தால் பி.எம்.எம்.ஏ., அது லென்ஸைச் சுழற்றி உட்கார வைக்கப் போட்ட துளை. கால்கள் நீல நிற மெல்லிய கம்பியாக இருந்தால் பழைய மூன்று துண்டு வகை. நான்கு மூலையிலும் பிடிப்பு உள்ளது, பட்டையாக இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஃபிலிக். லேசான மஞ்சள் சாயம் இருந்தால் நீல ஒளி வடிகட்டும் வகை, அது பிறவி நிறம், பழசாகி மஞ்சளித்தது அல்ல. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். இன்றைய லென்ஸ்களில் உலோகம் இல்லை, எடுக்கலாம்.

சொட்டு விஷயம். ட்ராபிகமைட் 0.8, ஃபினைல்எஃப்ரின் 5 சதவீதக் கலவைதான் நம்மிடம் இருக்கும். ஒரு சொட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து இன்னொன்று, அரை மணி காத்திருக்கவும். ரத்த அழுத்தம் ஏறிக்கிடப்பவர், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர் என்றால் ஃபினைல்எஃப்ரின் இல்லாத ட்ராபிகமைட் மட்டும். பொடுகுத் துகள், ஆட்டம், முன்னறையில் லென்ஸ் என்று மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மருந்துப் பக்கமே போகாதீர்கள். துகளை விரிக்கும் முன்பே தேடுங்கள். கண்மணி விரிந்தபின் ஓரத்துத் துகள் தெரியாமல் போகும்.

முழுக்கு. லென்ஸ் தண்ணீரில் நகராது. அது மூடிய பைக்குள் இருக்கிறது. பயம் காயத்துக்கு. ஃபேகோ (மெஷினால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை) என்றால் இரண்டரை மி.மீ. வாக்கில் திறப்பு, தையலில்லா ஆபரேஷன் என்றால் ஆறு மி.மீ.க்கு மேல் சுரங்கம், இரண்டும் தானாக மூடி நிற்பவை. ஆற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், வாய்க்கால் எதுவானாலும் ஆறு வாரம் தள்ளிப்போடச் சொல்கிறேன். புரட்டாசி முதல் வாரத்தில் ஆபரேஷன் ஆனவருக்குக் கடைமுழுக்கு சரியாக அமையும், கடைசி வாரம் ஆனவர் அடுத்த வருஷம் போகட்டும். அதுவும் சொட்டு மருந்து படிப்படியாகக் குறைத்து முடிந்து, கண் சிவப்பில்லாமல் இருந்தால். நன்றாக இருக்கிறது என்று அந்த ஸ்டீராய்டு சொட்டையே மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண் அழுத்தம் ஏறி நரம்பு போன பின்புதான் நம்மிடம் வருவார்கள்.

நெல் மூட்டை தூக்குவதும் அதே ஆறு வாரம். அறுவடை மெஷின் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தூசியால் லென்ஸுக்கு ஒன்றுமில்லை, சுணையால் கருவிழியில் கீறல் விழுந்து பூஞ்சைப் புண் வரலாம், எனவே பிளஸ், மைனஸ் இல்லாவிட்டாலும் வெற்றுக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். மாட்டு வால், கொம்பு, தென்னை மட்டை, இந்த மூன்றும் ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் காலத்துக்கும் ஆபத்து. பெரிய திறப்பு வருஷங்கள் கழித்தும் பலமான அடியில் விட்டுக்கொள்ளும். லென்ஸ் உடையாது, திறப்பு வழியாக வெளியே வந்து இமைக்கடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

சிலிண்டர் நம்பரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸ் வைத்த ஆட்கள் இப்போது வர ஆரம்பித்திருப்பார்கள். அது சுழன்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிண்டர் திருத்தம் சுமார் 3.3 சதவீதம் போகும், 30 டிகிரியில் பூஜ்யம். சுழல்வதாக இருந்தால் முதல் நாளிலேயே, மிஞ்சினால் முதல் வாரங்களில். ஐந்து வருஷம் கழித்து மங்கலோடு வருகிறவருக்கு ‘லென்ஸ் திரும்பிடுச்சு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வேறு காரணத்தைத் தேடுங்கள்.

———

அரசலாறு எழுதியது:

சீட்டு எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘புரை ஆபரேஷன் ஆனவர், பார்வை மங்கல்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், கூட்ட நாளில் அவர் நேரே லேசர் வரிசையில் நிற்பார். இப்படி எழுதுங்கள்: ‘வலது கண், 2017-ல் மடிக்கும் லென்ஸ், 2022-ல் விட்ரெக்டமி, கேஸ். பார்வை 6/24, பின்ஹோலில் ஏறவில்லை. சிவப்பு ஒளிர்வு சீராக மங்கல், முத்துகள் இல்லை. லென்ஸ் படிவா என்று பார்க்கவும். அதற்கு முன் யாக் வேண்டாம்.’ மூன்றாம் வகைக்கு: ‘இடது கண், கண்மணி ஓரத் துகள், லென்ஸ் ஆடுகிறது, ஒரு கண் இரட்டைக் காட்சி, அழுத்தம் இவ்வளவு, விரிக்கவில்லை.’ கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். போன இடத்தில் வரவேற்பிலேயே சொட்டுப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்த மூன்றாம் வகை ஆளின் மறு கண்ணிலும் புரை இருந்தால் அதையும் அதே சீட்டில் எழுதுங்கள். துகள் ஒரு கண்ணில் தெரிந்தால் மறு கண்ணிலும் வருவதற்கு வாய்ப்பு உண்டு. அந்தக் கண் நன்றாகக் கனிந்து பாறையாகும்வரை காத்திருந்தால் இழைகள் இன்னும் இளைத்துவிடும், ஆபரேஷனில் இழுபறி கூடும். சீக்கிரம் செய்துகொள்வதே நல்லது. செய்கிறவர் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பையின் வாயைச் சின்னதாக்காமல் ஐந்து, ஐந்தரை மி.மீ. திறப்பார், பைக்குள் விரிப்பு வளையம் ஒன்று வைப்பதா என்று முடிவு செய்வார். அந்த வளையம் இழைகள் மேலும் இளைப்பதைத் தடுக்காது. பை சுருங்குவதைக் குறைக்கும், பின்னால் லென்ஸ் இறங்கினால் பிடித்துத் தைக்க ஒரு கைப்பிடியாகவும் இருக்கும்.